எலி யாருக்கு அவமானம்?

2017 மார்ச்சில் தமிழ்நாட்டு விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போயிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை. டெல்டாவில் சம்பா கருகியது. கடனைத் தள்ளுபடி செய், வறட்சி நிவாரணம் கொடு என்று கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. பயிர் கருகினால் கூலியும் சேர்ந்துதான் கருகும் என்பதை எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதனால் அந்தப் போராட்டத்தின் பக்கம்தான் நாங்களும் நின்றோம்.

ஆனால் ஒரு படம் என்னை இன்றுவரை உறுத்துகிறது. விவசாயிகள் எலியைப் பல்லில் கவ்விக்கொண்டு நின்ற படம். உலகம் பூராவும் போன படம். 'எங்களை எலி தின்கிற நிலைமைக்குத் தள்ளிவிடாதீர்கள்' என்பதே அது சொன்ன சேதி. பார்த்தவர்கள் எல்லோரும் பதறினார்கள். அய்யய்யோ, சோறு போடுகிற விவசாயி எலி தின்பதா?

தோழர்களே, மனிதன் இறங்கக்கூடிய கடைசிப் படி எது என்று அந்தப் படம் ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கடைசிப் படியில்தான் எங்கள் தெருவின் அடுப்பு எரிகிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பறத்தெருக்களில் அறுப்பு முடிந்த தை மாசியில் எலிக்கறி வேகாத வீடு நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிடையாது. மழை பெய்த வருசமும் தின்றோம், பெய்யாத வருசமும் தின்றோம். எங்களுக்காக எந்தப் பத்திரிகையும் பதறவில்லை. அவர்களுக்கு ஒரு வருசத்து அவமானமாகத் தெரிந்தது எங்களுக்கு வருசா வருசம் சாப்பாடு.

ஆக, கேள்வி எலியைப் பற்றியது அல்ல. யார் எதைப் பிடிக்கலாம், யார் எதைத் தின்னலாம், எது வீரம், எது திருட்டு, எது அசிங்கம் என்று தீர்மானிக்கிறவன் யார் என்பதுதான் கேள்வி. இதை நாம் சாதியாகப் பார்க்கப் பழகியிருக்கிறோம். சட்டமாகவும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

*

வேட்டைக்கு இந்த நாட்டில் எப்போதும் இரண்டு பெயர் இருந்திருக்கிறது. ராசா செய்தால் விளையாட்டு, கூலிக்காரன் செய்தால் களவு.

ராஜஸ்தானில் பரத்பூர் என்று ஓர் ஊர். இன்றைக்கு அங்கே உலகம் கொண்டாடுகிற பறவைப் பூங்கா இருக்கிறது. முன்னே அது மகாராசாவின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோவை அழைத்து வந்து விருந்தாக ஒரு வேட்டை நடத்தினார்கள். ஒரே நாளில் 4,273 பறவைகள். வெட்கப்பட்டு மறைத்தார்களா? கல்லில் வெட்டி வைத்தார்கள்! யார் வந்தார், எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று வரிசையாக. சுதந்திரம் வந்த பிறகும் 1972 வரைக்கும் அந்த மகாராசாவுக்குச் சுடும் உரிமை இருந்தது. பிறகு பூங்கா தேசியப் பூங்கா ஆனது. சுற்றுக் கிராமத்து மாடுகள் உள்ளே மேயக் கூடாது என்றார்கள். 1982 நவம்பரில் மேய்ச்சல் உரிமை கேட்டு வந்த கிராமத்து மக்கள் மீது போலீஸ் சுட்டது. செத்துப்போனார்கள். நாலாயிரம் பறவையைக் கொன்றவனுக்குக் கல்வெட்டு. நாலு மாட்டை மேய்க்க வந்தவனுக்குத் தோட்டா.

சட்டத்தின் கதையும் இதே கதைதான். வெள்ளைக்காரன் 1912-இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் போட்டான். இன்னின்ன மாதத்தில் இன்னின்னதைக் கொல்லக் கூடாது என்று பருவம் பிரித்தான். மிச்ச மாதத்தில் துரைமார் நெல்வயலில் இறங்கி உள்ளான் சுட்டார்கள். வரப்பில் குண்டு தூக்கி வந்தவனும், விழுந்த குருவியைச் சேற்றில் இறங்கி எடுத்து வந்தவனும் யாராக இருந்திருப்பான் என்று நான் சொல்ல வேண்டுமா?

1972-இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் வேட்டை ஒரேயடியாக நிற்கவில்லை. சிறப்பு வேட்டை, பெரிய வேட்டை, சிறிய வேட்டை, கண்ணிவைத்துப் பிடிப்பது என நான்கு வகை உரிமம் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும்; மனு எழுத வேண்டும்; துப்பாக்கி வேண்டும்; துப்பாக்கிக்குத் தனி லைசென்சு வேண்டும். வரப்போரத்தில் நூல் கண்ணி வைக்கிற கூலிக்காரன் எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பான்? 1991-இல் திருத்தம் வந்து உரிமங்களை ஒழித்தது. நல்லதுதான். ஆனால் பாருங்கள், சுடப் போனவன் துப்பாக்கியை மாட்டிவைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டான். அவன் இயற்கை ஆர்வலன் ஆகிவிட்டான். கண்ணி வைத்தவன் அதே இடத்தில் நின்றான். பெயர் மட்டும் மாறியது. குற்றவாளி.

அந்தச் சட்டத்துக்கு அட்டவணைகள் உண்டு. மேல் அட்டவணையில் புலியும் யானையும். கீழே போகப் போக மதிப்புக் குறையும். கடைசியில் அய்ந்தாம் அட்டவணை: காக்கா, பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. தொல்லைப் பிராணிகள் என்று பெயர். யாரும் கொல்லலாம், கேள்வி இல்லை. மனு தர்மம் படித்தவனுக்கு இந்த அடுக்கு புதிதாகத் தெரியாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். எது தொல்லை என்று மத்திய அரசு இனி அறிவிக்கை போட்டுச் சொல்லும். அட்டவணை போய்விட்டது. அந்தச் சொல் ஊருக்குள் இருந்து போய்விட்டதா? நான் படித்த கல்லூரியின் விடுதியில், எங்கள் ஊர்ப் பையன்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் பின்னாலிருந்து 'கீச் கீச்' என்று சத்தம் வரும். தொல்லைப் பிராணியைத் தின்கிறவனும் தொல்லைப் பிராணி. இது எந்த அட்டவணையிலும் எழுதப்படாத சட்டம்.

எழுதப்பட்ட சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவு. மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல அதிகாரி அனுமதி கொடுக்கலாம்; வயலில் நிற்கும் பயிரும் சொத்தில் சேர்த்தி. தப்பில்லை, பயிரைப் பன்றி உழுதால் சும்மா இருக்க முடியாது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற காட்டுப்பன்றியை வனத்துறை ஆட்கள் சுடலாம் என்று அறிவித்தது. கேரளத்தில் 2022-இலேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் போனது. சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், தின்னக் கூடாது. பயிருள்ளவனுக்கு விதிவிலக்கு இருக்கிறது. பசியுள்ளவனுக்கு இல்லை. கறி மண்ணுக்குள் போனாலும் போகலாம், அவன் வாய்க்குள் போய்விடக் கூடாது.

*

எலி வேட்டையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

அறுத்த வயலில் வரப்போரம் வளை இருக்கும். ஒரு வளைக்கு ரெண்டு மூணு வாய். எந்த வாயில் புதுமண் தள்ளியிருக்கிறதோ அங்கேதான் எலி குடியிருக்கிறது. மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். சிலர் புகை போடுவார்கள், சிலர் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளே போகப் போக அறை அறையாகப் பிரியும். ஓர் அறையில் குஞ்சு, ஓர் அறையில் நெல். கதிராகவே கடித்து அடுக்கி வைத்திருக்கும். எங்கம்மா வளை வெட்டப் போனால் இடுப்பில் ஒரு பை, தலையில் ஒரு கூடை. பையில் எலி, கூடையில் நெல். 'ஆண்டை வூட்டு நெல்லு நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு எலிதாண்டா வண்டி' என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நெல்லைக் குத்தினால் சோறு, எலியை வாட்டி மயிர் போக்கி மஞ்சள் தடவி மிளகு சீரகம் அரைத்து வறுத்தால் கறி. ருசியைப் பற்றி நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சம்பா நெல்லைத் தவிர வேறொன்றும் தின்னாத பிராணி அது.

அந்த நெல்லுக்கும் வழக்கு உண்டு. 'வளையில எடுத்ததுல பாதிய வரப்புல வச்சிட்டுப் போ' என்று நிலக்காரர் ஒருவர் சொன்னதை எங்கம்மா சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எலி தின்றபோது நட்டம் என்று எழுதிய நெல், எங்கள் கைக்கு வந்ததும் சொத்து ஆகிவிடுகிறது!

பயிர் நிற்கும்போது வேறு முறை. கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிற்றில் சுருக்கு மாட்டி நுனியில் தீனி வைப்பது. எலி தலையை விட்டுத் தீனியை இழுத்தால் வில் விட்டுக்கொள்ளும், சுருக்கு இறுகும். பொழுது சாய வைத்துவிட்டு விடியற்காலம் எடுக்க வேண்டும். எலி போகிற தடம் தெரிந்தவன் வைத்தால்தான் விழும். வேளாண் புத்தகங்களிலேயே இதற்குப் பெயர் 'தஞ்சாவூர் கிட்டி'. தஞ்சாவூர்த் தட்டு, தஞ்சாவூர் வீணை, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டிப் பொம்மை. இதற்கெல்லாம் விழா உண்டு, விருது உண்டு, கண்காட்சி உண்டு. தஞ்சாவூர்க் கிட்டி கட்டுகிறவனுக்கு என்ன உண்டு? ஓர் எலிக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணிப் போடுகிற காசு. அதுவும் எலியைக் காட்டினால்தான். எங்கள் ஊர்ப் பக்கம் பாரம்பரிய நெல்லுக்குத் திருவிழா எடுக்கிறார்கள், சந்தோசம். அந்த நெல்லை எலியிடமிருந்து காத்த கையை மேடையில் ஏற்றினார்களா?

ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எலி வளையில் எலி மட்டும் இருக்காது, நல்லபாம்பும் இருக்கும். கையை விட்டவுடன்தான் தெரியும். எலிக்காய்ச்சல் வரும். எல்லாவற்றையும்விட மோசம் மருந்து. சிங்க் பாஸ்பைடு கலந்த தீனியை வரப்பு வரப்பாக வைக்கிறவன் கூலிக்காரன். வைத்ததை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று நிலக்காரருக்குத் தோன்றாது. மறுநாள் பக்கத்துத் தெருக்காரன் வந்து அதே வயலில் எலி பிடிப்பான். மருந்து தின்ற எலியைத் தின்றால் என்ன ஆகும் என்று ஒரு போர்டு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மருந்து தின்ற எலியை ஆந்தையும் தின்னும், நாயும் தின்னும். கிட்டிக்காரனின் வேட்டையில் எலி மட்டும்தான் சாகிறது.

*

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்தினார்கள். எயிற்றியர் கடப்பாரை கொண்டு கரம்பு நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்துவைத்த புல்லரிசியை எடுத்து வருவார்கள். நாய் பிடித்து வந்த உடும்பைச் சமைத்து வழிப்போக்கருக்குப் போடுவார்கள். என்ன அழகான விருந்தோம்பல் என்று விரிவுரையில் உருகினார்கள். எறும்புப் புற்றைக் கிளறி எடுத்தால் செவ்விலக்கியம். எலி வளையைக் கிளறி எடுத்தால் சேரிப்பழக்கம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்திய எயிற்றி பாட்டுடைத் தலைவி; எங்கம்மா வளைவெட்டி. அதே மண்வேலை, அதே பசி. (உடும்பு இப்போது முதல் அட்டவணை. எயிற்றி இன்று இருந்தால் சிறையில்தான் இருப்பாள்.)

கண்ணப்பன் கதையும் அப்படித்தானே. வேடன் கடித்து ருசி பார்த்துக் கொடுத்த பன்றிக்கறியைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று மேடையில் கண்ணீர் விடுவார்கள். கோயில் தெருவில் வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், கறி சாப்பிடுவீர்களா என்பதுதான் முதல் கேள்வி. தீண்டாமைக்கும் உணவுக்கும் உள்ள உறவை அம்பேத்கர் 1948-இலேயே 'தீண்டப்படாதார்' நூலில் எழுதிவிட்டார். அவர் மாட்டிறைச்சியைப் பற்றி எழுதினார். வயக்காட்டில் அந்த வாதம் எலி வரைக்கும் நீளும். பீகாரில் முசகர் என்ற சாதிப் பெயருக்கே எலி தின்கிறவர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அந்தச் சாதியில் பிறந்த ஜிதன் ராம் மாஞ்சி 2014-இல் முதலமைச்சர் ஆனார். நானும் எலி தின்றவன்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது அவர் இல்லையே.

*

சூழலியல் பேசும் நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். 'அப்ப கொக்கையும் மடையானையும் புடிச்சுத் திங்கலாம்ங்கிறீங்களா?'

இல்லை. பறவை வேட்டைக்கு உரிமை கேட்டு இதை நான் எழுதவில்லை. உதயமார்த்தாண்டபுரம் ஏரியில் நத்தைகுத்தி நாரை வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதுவும் வடுவூர் ஏரியும் 1990-களின் கடைசியில் சரணாலயம் ஆயின, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை 1967-இலிருந்தே சரணாலயம். இருக்கட்டும், காக்கட்டும். கொக்கும் நாரையும் இப்போது இரண்டாம் அட்டவணை. பிடித்தால் மூன்று வருசம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்.

நான் கேட்பது வேறு. கண்ணி வைத்தவன் சிக்குகிறான். காரை நிறுத்திக் கறி வாங்கிப் போனவன் ஏன் சிக்குவதில்லை? தண்டத் தொகை கட்டி வழக்கை முடித்துக்கொள்ளச் சட்டத்திலேயே வழி இருக்கிறதே, கையில் காசில்லாதவனுக்கு அந்த வழி எங்கே போகிறது? பறவைக்கு உண்மையான எதிரி யார்? நாகப்பட்டினம் கடற்கரையோரம் நெல்வயலையும் சதுப்பையும் வெட்டி இறால் பண்ணை போட்டார்கள். ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலிருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பண்ணைக்காரர்களுக்கு வழிவிட்டது. ஒரு நாரையைப் பிடித்தால் வேட்டை. நாரை இறங்குகிற தண்ணீரையே கெடுத்தால் தொழில் வளர்ச்சி.

வேட்டையை நிறுத்தும்போது வேலையைக் கொடுக்க முடியாதா? முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. பாம்புத்தோல் வியாபாரம் 1970-களில் தடையானபோது இருளர் பிழைப்பு போனது. 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் வந்தது. வனத்துறை அனுமதியோடு பிடித்து, விசத்தை எடுத்து, பாம்பைத் திரும்ப விடுகிறார்கள். நாடு முழுக்கப் பாம்புக்கடி மருந்துக்கு அந்த விசம் போகிறது. 2023-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே கை, அதே வித்தை. நேற்று குற்றம், இன்று அறிவு.

நரிக்குறவருக்கு இது நடந்ததா? நாட்டுத் துப்பாக்கியோடு வயக்காட்டில் காடை கவுதாரி அடித்துப் பிழைத்தவர்களிடம் வேட்டையைப் பிடுங்கிக்கொண்டு பாசிமணியை மட்டும் விட்டுவைத்தார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க 2023 வரை காக்க வைத்தார்கள். வேட்டைக்கு மாற்று என்று ஒன்றைச் சொல்ல அரசுக்கு அரை நூற்றாண்டு போதவில்லை.

*

எலி தின்பதைப் புனிதமாக்க நான் வரவில்லை. எங்களுக்கு நிலம் இருந்திருந்தால் எங்கம்மா இன்னொருத்தன் வரப்பில் மண் கிளறியிருக்க மாட்டார்கள். நிலம்தான் முதல் கேள்வி. வெண்மணியில் 1968-இல் 44 பேரை எரித்த இந்த மண்ணில் அந்தக் கேள்வி இன்னும் ஆறவில்லை. ஆனால் நிலம் வருகிற வரைக்கும் வளை வெட்டுகிறவன் பாம்பிடமும் மருந்திடமும் சிக்கிச் சாக வேண்டும் என்பதில்லை. அதனால் இப்போதே கேட்க வேண்டியதைக் கேட்போம்.

எலி பிடிப்பது வேலை. தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய வேலை. எண்ணிக்கைக்குக் காசு என்பது போய், நாள் கூலி வேண்டும். எலி மருந்துக்குச் செலவழிக்கிற பணத்தை வேளாண் துறை கிட்டிக்காரர்களின் சங்கத்துக்குக் கூலியாகக் கொடுக்கட்டும்.

மருந்து வைக்கிற நிலக்காரர் வைப்பதற்கு முன்னால் ஊருக்கும் தெருவுக்கும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். வயலில் அடையாளம் வைக்க வேண்டும். சொல்லாமல் வைத்து உயிர் போனால் அது விபத்து அல்ல.

வளையில் பாம்பு கடித்துச் செத்தால் வேலையில் செத்ததாகக் கணக்கு வைத்து இழப்பீடு கொடுக்க வேண்டும்.

வளை நெல் வெட்டியவருக்கே சொந்தம். பாதி கேட்கிற பேச்சு இருக்கக் கூடாது.

சரணாலயங்களில் காவலர் வேலையைப் பறவையின் தடம் தெரிந்த சுற்றுத் தெருக்காரர்களுக்கு, தற்காலிகக் கூலியாக இல்லாமல், நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். பறவைக்கறி வழக்கில் வாங்கியவன் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏற வேண்டும்.

கிராமசபை கூடுகிற நாள் உங்களுக்குத் தெரியும். மருந்து அறிவிப்பையும் நாள் கூலியையும் தீர்மானமாக எழுதிக்கொண்டு போங்கள். வளை வெட்டுகிற பெண்களை முன்னால் உட்கார வையுங்கள். 'எலி விசயத்தையெல்லாம் சபையில பேசலாமா' என்று எவனாவது சிரித்தால், அந்தச் சிரிப்பையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.